சித்தன்னவாசல்: மலையும் அருங்காட்சியகமும்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து, தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது ஒரு பாறைக் குன்று. உயரம் இருநூறு அடியளவே இருக்கும். சுற்றிலும் செம்மண் மேடு, பனை, முட்புதர், இடையிடையே கண்மாய்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கிடையாது. மழை பொழிந்து கண்மாய் நிறைந்தால் அவ்வாண்டு விளைச்சல் உண்டு, பொய்த்தால் இல்லை. நிறைந்த கண்மாயைப் பார்ப்பதே அந்நாட்டு மக்களுக்கு ஒரு மங்கலக் காட்சி. தாமரையும் அல்லியும் பூத்து, எருமைகள் கழுத்தளவு நீரில் கிடந்து, மீன் துள்ளும் அக்காட்சி சில மாதங்களே நிற்கும். பிறகு வெடித்த சேறுதான் மிஞ்சும். அத்தகைய நாட்டில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஓவியன் என்றும் வற்றாத ஏரி ஒன்றைக் கல் விதானத்தில் எழுதி வைத்தான். அந்த ஏரியைப் பற்றியும், அது இன்று எங்கெங்கே, எவ்வெவ்வடிவில் காட்சிக்கு வைக்கப்படுகிறது என்பதைப் பற்றியுமே இவ்வுரை.

ஓவியத்திற்கு முன்பே குன்றுக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அடிவாரத்தைச் சுற்றிப் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், கல்வட்டங்களாகவும் கற்பதுக்கைகளாகவும் முதுமக்கள் தாழிகளாகவும், பரவிக் கிடக்கின்றன. மேலே ஏறினால் கிழக்குச் சரிவில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம். பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து, உடலை மலையோடு ஒட்டிக்கொண்டுதான் பழைய நாளில் அதற்குள் செல்ல முடியும். பெயர்க் காரணமும் அந்தப் படிக்குழிகளே என்பர். உள்ளே தலையணை மேட்டோடு வழவழப்பாகத் தீட்டப்பட்ட பதினேழு கற்படுக்கைகள். அவற்றுள் பெரியதன் அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பது அறிஞர் கருத்து. எருமி நாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் என்பார் செய்து கொடுத்த இருக்கை அது என்பதே அக்கல்வெட்டின் பொருளாகக் கொள்ளப்படுகிறது. எருமி நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். தொலைநாட்டிலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பாறையைத் தேய்த்துப் படுக்கை தந்தார். தந்தவர் பெயரும், பெற்றவர் பிறந்த ஊரும் கல்லில் நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக இதைவிடச் சுருக்கமாகவும் முழுமையாகவும் ஒரு காட்சிக் குறிப்பை எந்த அருங்காட்சியகமும் எழுதியதாகத் தெரியவில்லை.

பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அதே படுக்கைகளில் துறவியர் இருந்தனர். திருநீலன், திருப்பூரணன் போன்ற பெயர்கள் பிற்கால எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே குகையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு எழுத்துவடிவங்களைக் காண்பது எளிதில் கிட்டாத வாய்ப்பு. குன்றின் ஒரு பக்கத்தில் நாவற்சுனை என்னும் நீர்நிலையும் உண்டு. அதன் நீரை இறைத்தால் உள்ளே குடைவரை ஒன்று வெளிப்படும். நீரருமையான மண்ணில் துறவியர் இந்தக் குன்றைத் தேர்ந்ததற்கு அச்சுனையும் ஒரு காரணமாயிருக்கலாம் எனக் கொள்வதில் பிழையில்லை.

மேற்குச் சரிவில் இருப்பது அறிவர் கோயில். பாறையைக் குடைந்து ஆக்கிய சிறிய கோயில் அது. கருவறை பத்தடிக்கும் குறைவான சதுரம். அதன் முன் இரண்டு தூண்கள் தாங்கும் அர்த்தமண்டபம். கருவறையில் மூன்று புடைப்பு உருவங்கள். அர்த்தமண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர். எதிர்ச்சுவரில் ஓர் ஆசாரியர். கருவறைக்குள் நின்று மெல்ல ஒலி எழுப்பினால் அறை முழுவதும் அவ்வொலியை வாங்கி அதிர்ந்து நிற்கும். அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓவியத்தைவிட இதைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் குறை காண வேண்டியதில்லை. அக்குடைவரை அமைதியாக அமர்ந்திருப்பதற்கென்று ஆக்கப்பட்டது என்பதை ஒலியே அவர்களுக்கு உணர்த்திவிடுகிறது.

முகப்பை ஒட்டிய பாறையில் செய்யுள் வடிவிலான தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அவனிபசேகரன் என்னும் பட்டம் பூண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் என்பார் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு. 1920ஆம் ஆண்டை ஒட்டி து. அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் இவ்வோவியங்களை உலகறியச் செய்தபோது, இவை பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே கருதப்பட்டன. தூணில் எழுதப்பட்ட அரசனும் அரசியும் மகேந்திரனும் அவன் தேவியும் என்று எழுதினர். பிற்பாடு கல்வெட்டின் துணையால் அது பாண்டியர் காலத்துப் பணி என்ற முடிவு வலுப்பெற்றது. ஆனாலும் மகேந்திரனின் பெயர் எளிதில் விலகவில்லை. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து, அஜந்தா வண்ண இரகசியத்தை மனத்தில் வைத்திருந்த ஒரு தலைமுறைக்கு மகேந்திரனை ஓவியத்திலிருந்து பிரிப்பது கடினமாகவே இருந்தது. சில வழிகாட்டிகள் இன்றும் அவன் பெயரையே சொல்கின்றனர். மதுரையிலிருந்து வந்து ஒரு பாழடைந்த பள்ளியைப் புதுக்கிய ஆசிரியரின் பெயரைவிட ஒரு பேரரசனின் பெயர் கேட்போர்க்கு இனிக்கிறது போலும்.

இனி விதானத்துக்கு வருவோம். அர்த்தமண்டபத்தின் கூரை முழுதும் ஒரு தாமரைப் பொய்கை. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மலர்கள் மொட்டும் விரிவும் வாடலுமாய், தண்டுகள் நீரில் வளைந்து கிடக்கின்றன. அவற்றினூடே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். மூவர் அப்பொய்கையில் இறங்கிப் பூப்பறிக்கின்றனர். இருவர் ஒருபுறம் சேர்ந்து நிற்கின்றனர். ஒருவன் கையில் பூக்கூடை தொங்குகிறது. மூன்றாமவன் தனியே நிற்கிறான். அவன் மேனி மட்டும் பொன்னிறச் சாயலில் எழுதப்பட்டிருக்கிறது. முகத்தில் ஒரு கனிவு. பூவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதையோ நினைந்து நிற்பவன்போல் காண்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுப் புகைக்கும் ஈரத்துக்கும் தப்பி அந்த முகம் எஞ்சியது ஒரு பேறு.

இப்பொய்கை யாது என்னும் வினாவுக்கு ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த குடும்பத்தினர் எளிதில் விடை சொல்வர். தீர்த்தங்கரர் கேவலஞானம் எய்தியதும் இந்திரன் ஏவலால் எழுப்பப்படும் சமவசரணத்தில், அடுத்தடுத்த பூமிகளுள் ஒன்று காதிகா பூமி எனப்படும் நீர்ப்பகுதி. அறவுரை கேட்கச் செல்லும் பவ்யர்கள் அங்கே இறங்கித் தூய்மை செய்து, மலர் கொய்து, உள்ளே போவர். விதானத்தில் நிற்கும் மூவரும் அந்தப் பவ்யர்களே என்று அறிஞர் விளக்கியுள்ளனர். விண்ணவர் அமைத்த அரங்கு என்றால் மணியும் பொன்னும் இழைத்த படிகளைத்தானே எழுதத் தோன்றும்? இந்த ஓவியன் அவ்வாறு செய்யவில்லை. நூலில் கேட்ட தெய்வப் பொய்கைக்கு அவன் உருக்கொடுக்க முனைந்தபோது கண்முன் நின்றது கிராமத்துக் கண்மாய். எருமையும் கெண்டையும் அவ்வாறுதான் சமவசரணத்துக்குள் புகுந்தன. யானை அரசவைக்கு உரிய அலங்காரத்தோடு வரவில்லை. நீரைக் கலக்கும் காட்டு விலங்காகவே வருகிறது. அறவுரை நாடிப் போகும் வழியில் எதிர்ப்படும் நீர்நிலை, மழைக்காலத்தில் நிறைந்த தன் ஊர்க் கண்மாயைப்போலவே இருக்கும் என்று நம்பிய ஒருவனின் கை அது.

வட்டார நிலக்காட்சி கலைக்குள் புகுவதென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொய்கை தரையில் இல்லை. தலைக்கு மேலே இருக்கிறது. காண்போர் அண்ணாந்து நின்று நீரின் அடியிலிருந்து மேலே நோக்குவதுபோல் பார்க்க வேண்டும். கருவறைக் கூரையிலோ விரிப்புப் போன்ற வடிவ ஒப்பனை காணப்படுகிறது. ஓவியங்களைத் தூய்மை செய்தபோது அங்கே பிற்கால அடுக்கின்கீழ்ப் பழைய அடுக்கு ஒன்றும் வெளிப்பட்டது. இளங்கௌதமர் புதுக்கினார் எனக் கல்வெட்டு சொல்வதற்கு இது இசைவாயிருக்கிறது.

தூண்களில் உள்ள ஆடல்மகளிர் இருவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. இடக்கையை யானைத் துதிக்கைபோல் வீசி நிற்கும் அவ்வுருவம் நாட்காட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் எத்தனையோ முறை அச்சேறிவிட்டது. பிரிந்து தனியே புகழ்பெற்றதால் அவ்வாடல்மகள் எந்த வாயிலில் நின்று யாரை வரவேற்கிறாள் என்பது மறந்துபோனது. அவளுக்குப் பின்னே இருப்பது அருகர் உறையும் கருவறை.

வண்ணங்களின் செய்தியும் மண்ணோடு சேர்ந்ததே. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டது. அதன் அறிஞர் எஸ். பரமசிவன் தென்னாட்டுச் சுவரோவியங்கள் பலவற்றின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். சித்தன்னவாசலும் அவற்றுள் ஒன்று. பாறையின்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு, அதன்மேல் வண்ணம். எல்லாம் சேர்ந்தும் கனம் சில மில்லிமீட்டர்தான். சுண்ணாம்பு வெள்ளை, காவிச் சிவப்பு, மஞ்சட்காவி, பச்சைமண் எனப் பெரும்பாலும் கனிமங்கள், கருமைக்குக் கரி. அதாவது பொய்கையின் உருவத்தைப்போலவே அதன் நிறமும் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்தது. அந்தச் சில மில்லிமீட்டரில் ஒரு துளி நீர் ஊறினாலும் ஒரு கை தடவினாலும் உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

உதிர்ந்ததும் மிகுதி. நூற்றாண்டுகளாகத் திறந்து கிடந்த குடைவரையில் ஆடுமேய்ப்போர் ஒதுங்கினர், தீ மூட்டினர், பெயர் கிறுக்கினர். முகமண்டபம் அழிந்ததால் மேற்கு வெயிலும் சாரலும் நேரே உள்ளே புகுந்தன. சமஸ்தான ஆட்சிக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து தூண்கள் கொண்டுவந்து முன்னே ஒரு மண்டபம் எழுப்பினர். இன்று அங்கே செல்வோர் முதலில் காணும் தூண்வரிசை அதுவே. அதனைப் பழமையானது என எண்ணிப் படமெடுத்துக்கொள்வோரும் உண்டு. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது கோயில். ஆனாலும் 1920ஐ ஒட்டிய காலத்தில் எழுதி வைக்கப்பட்ட வருணனைகளைக் கையில் வைத்துக்கொண்டு இன்று விதானத்தைப் பார்ப்பவர், எழுத்தில் இருப்பதில் ஒரு பகுதியையே கண்ணால் காண முடியும்.

இங்கேதான் படியெடுத்தலும் அருங்காட்சியகமும் வருகின்றன. படி என்பது மாற்றுக் குறைந்த பொருள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அஜந்தாவின் கதையை அறிந்தோர் அப்படிச் சொல்லத் தயங்குவர். இராபர்ட் கில் என்னும் படைத்தலைவர் பல்லாண்டுகள் அக்குகைகளில் தங்கி எண்ணெய் வண்ணத்தில் எடுத்த படிகளுட் பெரும்பாலானவை இலண்டனில் பளிங்கு மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தபோது 1866இல் தீக்கிரையாயின. பிறகு ஜான் கிரிபித்ஸ் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களோடு பல ஆண்டு உழைத்து மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885இல் இலண்டனிலேயே எரிந்தன. பின் 1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் அம்மையார் இந்திய மாணவர்களோடு வந்து எடுத்தார். நந்தலால் போஸ் அவர்களுள் ஒருவர். மூலம் குகையில் மெல்லத் தேய்ந்தது. படியோ காட்சிக்கூடத்தில் ஒரே இரவில் சாம்பலாயிற்று. ஆகவே எங்கேனும் ஒன்று பத்திரமாயிருக்கிறது என்று நம்பி மற்றொன்றைக் கைவிடுவதற்கு இடமில்லை.

படியெடுக்க முனைபவரின் உள்ளத்தில் நிகழும் மாறுதலும் கருதத்தக்கது. நந்தலாலுக்கு அஜந்தா அளித்தது ஓவிய மரபு ஒன்றையே. ஒரு கோட்டைப் பின்பற்றிக் கையை ஓட்டுபவர் அந்தக் கோட்டை முதலில் இழுத்தவரின் மூச்சோடு ஒட்டிச் செல்கிறார். சித்தன்னவாசல் விதானத்தைப் பார்த்து ஒரு தாமரையிலையை வரைய முயலும் மாணவர், நடுநரம்பிலிருந்து இலை எவ்வாறு மடிந்து நிழல் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள அருகிலுள்ள கண்மாய்க்கும் போய் வரவேண்டியிருக்கும். அங்கே தாமரை இருந்தால் நல்லது. பல கண்மாய்களில் இன்று ஆகாயத்தாமரைதான் மண்டிக் கிடக்கிறது.

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல் சமஸ்தானக் காலத்திலேயே தோன்றியது. திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் இல்லாத ஒரு நலம் அதற்கு உண்டு: ஒரே கூரையின்கீழ் அந்தச் சீமையின் பாறை வகைகளும், விலங்கு பறவைகளும், மரஞ்செடிகளும், ஈமத்தாழிகளும், கல்வெட்டுகளும், சிற்பங்களும், செப்புத் திருமேனிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. பார்த்துச் செல்வோர் சிலர் இதனைக் கதம்பம் என்று குறைசொல்வர். உண்மையில் சித்தன்னவாசலைப் புரிந்துகொள்ள இந்தக் கதம்பமே தேவை. குன்றின் பாறை, பொய்கையின் மீன், அடிவாரத்துத் தாழி, குகையின் எழுத்து, கோயிலின் திருமேனி எல்லாம் ஒரு நடைதூரத்துக்குள் அங்கே உள்ளன. அவற்றை இணைத்துச் சொல்லும் ஒரு காட்சி வரிசைதான் அமைய வேண்டும். ஓர் அறையில் விதானத்தின் முழு அளவுப் படி மேலே கூரையில் பொருத்தப்பட்டு, காண்போர் அண்ணாந்து பார்க்கும்படி இருந்தால், சுவரில் தொங்கும் சட்டகப் படம் தரமுடியாத அனுபவத்தை அது தரும். படத்தைச் சுவரில் மாட்டும் அக்கணமே பொய்கை வெறும் பூவேலையாகிவிடுகிறது.

இடம் பிரிந்த பொருள்களின் நிலையைச் சென்னை எழும்பூரில் நன்கு உணரலாம். 1851இல் தோன்றிய அந்த அருங்காட்சியகத்தில் சமணத் திருமேனிகள் பல உள்ளன. கடப்பைப் பகுதியில் பெண்ணையாற்றங்கரையில் மணல் மூடிக் கிடந்த தானவுலபாடு கோயிலிலிருந்து வந்த கற்களும் அவற்றுள் அடங்கும். இராட்டிரகூட அரசன் நித்தியவர்ஷன் பெயர் தாங்கிய நீராட்டுப் பீடம் குறிப்பிடத்தக்கது. ஒரு தீர்த்தங்கரரின் அபிடேக நீர் வழிந்தோடிய கல் அது. ஆற்றங்கரையில் இருந்தபோது அது தீர்த்தம். மாடத்தில் இருக்கும்போது கலைப்பொருள். மணலில் புதைந்து கிடந்ததைவிட இந்நிலை மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் அருகே ஆற்றின் ஒரு நிழற்படமும் மணல்மேட்டின் ஒரு வரைபடமும் இருக்குமானால், காண்போர்க்கு நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். 'தீர்த்தங்கரர், கருங்கல், 10ஆம் நூற்றாண்டு' என்ற பாணியில் ஒற்றை வரி எழுதினால் கேட்கத் தோன்றாது.

இடத்திலேயே இருந்துவிட்ட உருவங்களுக்கும் வேறொரு வகைப் பெயரிழப்பு நேர்ந்தது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஒரு குகை. அங்கே அமர்ந்திருக்கும் மகாவீரரை ஊரார் செட்டியார் என்று எண்ணியதால் குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயராயிற்று. நீண்ட காதும் நிறைந்த முகமும் அவர்களுக்கு அறிமுகமான ஒரு செல்வரை நினைவூட்டின போலும். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. பள்ளி அழிந்து, துறவியர் மறைந்து, வழிபடுவோர் வடக்கே பெயர்ந்த பின்னும், ஊரார் அவ்வுருவத்தைச் சிதைக்காமல் ஒரு பெயர் கொடுத்து வைத்துக்கொண்டனர் என்றும் இதைப் பார்க்கலாம். அருங்காட்சியகக் குறிப்பில் இரண்டு பெயரும் இருப்பதே முறை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. சித்தன்னவாசலைச் சுற்றி இன்று சமணக் குடும்பங்கள் இல்லை. தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வாழ்வது திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் தஞ்சைப் பகுதியின் சில ஊர்களிலும்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடக்கம். தெற்கே பாண்டிய நாட்டு மலைகளில் நாள்தோறும் விளக்கேற்றுவோர் இல்லை, வாயிற்காப்போர் உள்ளனர். விதானத்தில் ஒரு பகுதி உதிர்ந்தால் முதலில் அறிபவர் துறை அலுவலராகவோ கல்லூரி மாணவராகவோ சுற்றுலாப் பயணியாகவோதான் இருப்பார்.

வழிபாடு தொடரும் இடங்களிலோ சிக்கல் வேறு. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் முதலியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. காட்சிகளுக்குக் கீழே எழுத்துக் குறிப்புகளும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தைச் சார்ந்த டி. என். இராமச்சந்திரன் அங்கே சென்று காட்சி காட்சியாகப் படித்து எழுதிய நூல் 1934இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. பொருளை நகரத்துக்குக் கொண்டுவராமல் அருங்காட்சியகமே பொருளிருக்கும் ஊருக்குப் போன நிகழ்ச்சி என்று அதைச் சொல்லலாம். விளக்குப் புகையும் ஈரமும் படிந்து விதானம் மங்கியபோதும், எந்தக் கட்டத்தில் என்ன காட்சி என்று அந்நூலைக் கொண்டு அறியலாம். அந்த உழைப்பில் புராணம் தெரிந்த ஊரார் சொன்ன விளக்கங்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஓவியத்தில் யார் யார் என்று அறிய ஸ்ரீபுராணம் தெரிந்த ஒருவர் அருகில் வேண்டும்.

போளூர் வட்டத்துத் திருமலை இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே பாறையில் 16 மீட்டரளவு ஓங்கி நிற்கும் நேமிநாதரை இன்றும் வணங்குகின்றனர். இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் நிற்கிறது. இராசேந்திரனின் வடநாட்டு வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டைத் தேடி வரலாற்று மாணவர் வருகின்றனர். குகை அறைகளில் சமவசரண ஓவியம் வட்டமாய் எழுதப்பட்டிருக்கிறது. பூசை, படிப்பு, பார்வை மூன்றும் ஒரே மலையில். அபிடேகத்துக்கு வரும் பாட்டி பேரனை அழைத்துக்கொண்டு குகையறைக்கும் சென்று அவ்வட்டத்தில் எது எந்தப் பூமி என்று காட்டுவாராயின், அந்தப் பேரன் பின்னாளில் சித்தன்னவாசலின் பொய்கையைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்வான்.

அருங்காட்சியகத்தில் செருப்போடு நின்று தீர்த்தங்கரரைப் பார்ப்பது முறையா என்ற மனக்குறை மூத்தோர் பலரிடம் உண்டு. அதற்கு ஒரே விடை இல்லை. பூசைக்குரிய உயிர்ப்பு நீங்கிய கல் என்பார் ஒரு சாரார். அருகர் திருமேனி எங்கிருந்தாலும் அருகரே என்பார் மறு சாரார். சண்டைக்குரிய செய்தியாக இதை வளர்க்காமல், திருமேனிகளைக் கால்படும் உயரத்தில் தரையில் வைக்காமல் பீடத்தில் ஏற்றி, முன்னே சிறிது இடம் விட்டு, நின்று கைகூப்ப விழைவோர்க்கு வழி செய்யலாம். உலகின் பல அருங்காட்சியகங்கள் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்கின்றன, செலவும் மிகுதியில்லை.

குடும்பங்களின் கையிலும் காட்சிக்குரியவை இருக்கின்றன. பழைய ஜினாலயத் திருப்பணியின்போது எடுத்த நிழற்படம், மலை யாத்திரை சென்றபோது பாறையின் முன் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படம், ஸ்ரீபுராண ஏடு, நோன்பு உத்தியாபனத்துக்குச் செய்த சிறு செப்புத் திருமேனி, ஊர் ஊராக மலைகளின் பழம்பெயர்களைக் குறித்து வைத்த கையேடு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சித்தன்னவாசலில் எடுத்த ஒரு குடும்பப் படத்தின் பின்னணியில், இன்று உதிர்ந்துபோன வண்ணம் ஒரு விரலளவு தெரிந்தாலும் அது ஆய்வாளர்க்குச் சான்றாகும். அத்தகைய படங்கள் பெட்டிக்குள் கிடந்து பூச்சியரித்துப் போகின்றன. அவற்றின் பின்புறத்தில் எந்த மலை, எந்த ஆண்டு, உடன் வந்தவர் யார் என்று பென்சிலால் எழுதி வைக்கும் வேலையை வீட்டிலுள்ள மூத்தோர் இவ்விழா நாள்களிலேயே தொடங்கலாம். மையால் எழுதினால் படத்தின் முன்பக்கத்தில் ஊறும்; பென்சிலே ஏற்றது. எழுதிய பின் ஒரு படி எடுத்து அறக்கட்டளையிடம் கொடுத்தால், அடுத்த ஆண்டு விழாவில் அவற்றை மலை வாரியாக அடுக்கிச் சிறு கண்காட்சியாக வைக்க இயலும். புதுக்கோட்டைக்கு அங்கிருந்தே ஒரு பேருந்தும் ஏற்பாடு செய்யலாம். பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் மேற்கு நோக்கிய அறிவர் கோயிலுக்குள் வெயில் சாய்ந்து விழும், அந்த வெளிச்சத்தில் மூன்றாமவனின் முகம் நன்கு தெரியும்.